கொண்டைக்கடலை ரகங்களைக் கார்த்திகை விதைப்பிலும் சோதியுங்கள்

பயறுவகைப் பயிர் இனப்பெருக்க அறிஞர்களுக்கும் ரகப் பரிந்துரை வழங்கும் அலுவலர்களுக்கும், திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாகக் கொண்டைக்கடலை பயிரிடும் விவசாயியின் வணக்கம்.

அண்மையில் நடந்த விவசாயிகள் கூட்டமொன்றில், கார்த்திகையில் விதைத்த கடலை ஏன் காய்க்கவில்லை என்று கேட்டோம். ஐப்பசியிலேயே விதைத்திருக்க வேண்டும் என்று பதில் சொன்னார்கள். அது எங்களுக்குத் தெரியாததல்ல. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி முழுவதும் பிடித்துக்கொண்டால் கரிசலில் கால் வைக்க முடியாது. மண் பதத்துக்கு வந்து டிராக்டர் இறங்கும்போது கார்த்திகை பாதி கடந்துவிடுகிறது.

அப்படி விதைத்த செடியும் பனியில் செழிப்பாகத்தான் வளர்கிறது, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் காய் பிடிக்கும் பருவம் மாசி வெயிலில் சிக்கிக்கொள்கிறது. அடிமண் ஈரம் வற்றி, பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது மகரந்தம் மலடாகிப் பூ உதிர்கிறது. மிஞ்சிய காயும் பொக்காகிறது. இந்த ஆண்டு பிடுங்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் காட்டில் ஆடுகளை ஓட்டிவிட்டார்கள். விதைக்காகவும் உழவுக்காகவும் வாங்கிய கடன் அப்படியே நிற்க, தன் பயிரை ஆடு மேய்வதைப் பார்த்து நின்றவரிடம் நாள் தவறி விதைத்தாய் என்று சொல்வது நியாயமா?

வழி இல்லாமலும் இல்லை. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவிலுள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, வெப்பம் தாங்கும் ஐசிசிவி 92944 என்ற கொண்டைக்கடலை, தாமத விதைப்புக்கென்றே 2009இல் மத்தியப் பிரதேசத்தில் ஜேஜி 14 என்ற பெயரில் வெளியிடப்பட்டது. அதையே இங்கும் விதைக்கச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் மண்ணும் மழையும் வேறு. ஐப்பசியில் விதைத்த சோதனைத் திடலில் முதலிடம் பெற்ற ரகம் ஒரு மாதம் தள்ளி விதைத்தால் பின்னுக்குப் போகலாம், அங்கே நடுவில் நின்றது முன்னுக்கு வரலாம். ஒரே விதைப்பில் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், எங்களுக்கு வேண்டியதைத் திடலிலேயே கழித்துவிடுகிறீர்கள்.

2024இல் நாட்டு ரகக் கொண்டைக்கடலைக்கு இறக்குமதி வரியை நீக்கிய வேகத்தில் கால்பங்காவது, மானாவாரி நிலத்துக்கேற்ற ரகம் தேடுவதில் இருந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கமும் எங்களுக்கு உண்டு. அது உங்கள் கையில் இல்லை என்பதையும் அறிவேன்.

உங்கள் கையில் இருப்பதையே கேட்கிறேன். ஐப்பசி முதல், ஐப்பசி கடைசி, கார்த்திகை நடு என மூன்று விதைப்புகளிலும், பாசனமில்லாத கரிசல் நிலத்திலேயே, புது ரகம் உருவாக்கும் தொடக்கத் தலைமுறைகளிலிருந்தே சோதித்துத் தேர்ந்தெடுங்கள். பரிந்துரைக் கையேட்டில் ஒவ்வொரு விதைப்புக்குமான விளைச்சலைத் தனித்தனியே அச்சிடுங்கள். திடலுக்கு நிலம் தர எங்கள் ஊரில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். வரும் பருவத்துக்கான சோதனைத் திட்டத்திலேயே இதைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கரிசல் காட்டு விவசாயி