சிம்பாஷி இசகாயாவில் பக்கத்து ஸ்டூல்காரருக்கு நன்றி

டோக்கியோ சிம்பாஷியில், ரயில் பாலத்துக்குக் கீழே வரிசையாக இருக்கும் இசகாயாக்களில், அதாவது மதுவோடு சிறு பதார்த்தங்கள் தரும் கடைகளில் ஒன்று. போன வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரே, இந்த நன்றி உங்களுக்குத்தான். பேர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை.

நான் சைவம். இசகாயாவில் சைவமா என்று சிரிக்காதீர்கள், ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்! சுவரில் ஒட்டியிருந்த கையெழுத்து மெனுவில் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. "மீன், இறைச்சி வேண்டாம்" என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். வாங்கிப் படித்த பெரியவர், சமையல்காரரோடு ஒரு பஞ்சாயத்தே நடத்திவிட்டார்.

பொரித்த டோஃபுவைக் காட்டினேன். இரண்டு கையையும் குறுக்கே வைத்துத் தடுத்தார். மேலே ஊற்றும் தாஷி, கட்சுவோ மீன் சீவலில் எடுத்த சாறாம். பிறகு வந்தது எடமாமே என்ற பச்சை சோயா, ஷீதாக்கே காளான், கரியடுப்பில் வாட்டிய ஷிஷிதோ மிளகாய். தாரே சாஸ் தடவாமல் வெறும் உப்பு. தோல் அங்கங்கே கருகி, கடித்தால் உள்ளே சூடான ஆவி. அடடா!

கேட்காமலே வந்த ஓதோஷி என்ற சிறுதீனிக் கிண்ணத்தில் கணவாய். அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பில்லில் அதற்கும் காசு உண்டு, உட்காரும் கட்டணம் மாதிரி என்று சொல்லிவைத்ததும் அவர்தான்.

கடைசி ரயிலுக்கு ஓடினீர்களே ஐயா, கிடைத்ததா?