தராசும் காசோலைப் புத்தகமும் ஒரே கையில் வேண்டாம்

நமது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கும் இயக்குநர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், "முதன்மைச் செயல் அலுவலரின் வேலையைத் தலைவரே கூடுதலாகப் பார்த்துக்கொள்வார், சம்பளச் செலவு மிச்சம்" என்று தீர்மானம் நிறைவேறியதாகப் பதிவேட்டில் இருக்கிறது. பலத்த கைதட்டலுடன் என்றும் எழுதியிருக்கிறது. பங்கு போட்ட உழவர்களான உறுப்பினர்கள் 412 பேர். அதில் கால்பங்கு, 103 பேர் வந்தால்தான் அது கூட்டம். வருகைத் தாளில் இருப்பது 67 கையெழுத்து. 14 நாளுக்கு முன்பே கணக்கறிக்கையோடு வந்திருக்க வேண்டிய அறிவிப்பு, நான்கு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்தது. சிக்னல் கிடைக்காத மாரமங்கலம் பக்கத்து ஊர்களுக்கு அதுவும் இல்லை. கைதட்டியது யார் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.

103 பேர் வந்து கைதூக்கியிருந்தாலும் அந்தத் தீர்மானம் நிற்காது. 2020 திருத்தத்தில் கம்பெனிகள் சட்டத்துக்குள் வந்த 21ஏ அத்தியாயம், முதன்மைச் செயல் அலுவலர் முழுநேர ஆளாகவும் உறுப்பினர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. தலைவர் நம்மில் ஒருவர், பங்கு வைத்திருப்பவர், மிளகு போடுபவர். தன் சரக்கைத் தானே நிறுத்து, தானே தரம் சொல்லி, தனக்கே காசோலை எழுதும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது என்பதற்குத்தான் அந்த வரி. அவர் நல்லவரா என்பது இங்கே பேச்சே இல்லை.

இதன் வலி கிடங்கு வாசலில் தெரிகிறது. மிளகுக்கு 11 விழுக்காடு ஈரம் என்று நீங்கள் அளவு வைத்தீர்கள், சரி. 50 கிலோ சாக்கு ஒன்றில், ஈரம் அளக்கும் கருவியான ஈரமானி 14 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் சொல்லும் கணக்கு, "மூணு கூட இருக்கு, மூணு கிலோ கழிவு." உண்மைக் கணக்கு அதுவல்ல. 50 கிலோவில் காய்ந்த சரக்கு 86 விழுக்காடு, அதாவது 43 கிலோ. அதை 11 விழுக்காடு ஈரத்துக்குக் காய வைத்தால் 43-ஐ 0.89-ஆல் வகுக்க 48.31 கிலோ நிற்கும். கழிக்க வேண்டியது 1.69 கிலோ, கழிப்பது 3 கிலோ. சாக்குக்கு 1.31 கிலோ காரணமில்லாமல் போகிறது. கிலோ 600 ரூபாய் என்றே வைத்தாலும் 786 ரூபாய். நாகலூரிலிருந்து சாக்கை ஏற்றி வர ஜீப்புக்குக் கொடுக்கும் வாடகை தனி.

அந்த 14-ஐயும் யார் பார்த்தார்கள்? ஈரமானியின் முகம் மேசைக்கு உட்பக்கம் திரும்பியிருக்கிறது. காப்பிக்கு வைத்த அமைப்பை மிளகுக்கு மாற்றாமல் அளந்தால் எண் தப்பாக வரும். களத்து வெயில் சூடு ஆறாமல் அளந்தாலும் தப்பும். சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலக்காமல் வாயிலிருந்து ஒரு கை அள்ளினால், காலைப் பனியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற சாக்கின் மேல்மிளகுதான் கைக்கு வரும். அதன் ஈரம் உள்ளே இருக்கும் மிளகின் ஈரத்தைக் காட்டாது. எதிரே இன்னொரு ஆள் இருந்தால் இதில் ஏதாவது ஒன்றை அவர் கேட்டிருப்பார். ஆனால் நிறுப்பவர், ஈரம் பார்ப்பவர், சீட்டு எழுதுபவர், பணம் போடுபவர் எல்லாம் ஒருவரே. அவர் யாரிடம் கேட்பது?

நஷ்டம் அன்றோடு முடிவதுமில்லை. ஆண்டு முடிவில் லாபத்தில் மிஞ்சுவது, அவரவர் போட்ட சரக்கின் அளவுக்கு ஏற்ப ஊக்கத்தொகையாகத் திரும்ப வரும். சீட்டில் குறைந்த கிலோ அங்கேயும் குறைகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தராசும் காசோலைப் புத்தகமும் ஒரே கையில் இருக்கக் கூடாது.

"ஆள் போடப் பணமில்லை" என்பீர்கள். நான்கு வேலைக்கு நான்கு சம்பளம் யாரும் கேட்கவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் நிறுத்து மூன்று பிரதிச் சீட்டு எழுதட்டும்: ஒன்று உறுப்பினருக்கு, ஒன்று கிடங்குக்கு, ஒன்று கணக்குக்கு. ஈரமானியை உறுப்பினர் பக்கம் திருப்பி வையுங்கள். எண்ணை அவர் பார்த்த பிறகு சீட்டில் ஏறட்டும். அதற்கு ஓர் இயக்குநர் முறை வைத்து நாளுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கழிவு அட்டவணையை 11-லிருந்து 16 வரை அரை விழுக்காடு வாரியாக வகுத்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கணக்காளர் கிடங்குச் சாவியைத் தொடக்கூடாது. எடைச் சீட்டும் ஈரச் சீட்டும் ஒத்துப்போனால்தான் அவர் பணத்துக்கு எழுத வேண்டும். காசோலையில் செயல் அலுவலரும் ஓர் இயக்குநரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். உள்தணிக்கைக்கு வரும் பட்டயக் கணக்காளர் பேரேட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போகாமல், பத்துச் சீட்டை உருவி, கிடங்கிலிருந்து வங்கிக் கணக்கு வரை தொடர்ந்து பார்க்கட்டும். இத்தனைக்கும் புதிதாக வேண்டியது ஒரே ஆள். சட்டம் கேட்கும் அந்தச் செயல் அலுவலர்தான். மின்தராசு சரியாக நிறுக்கிறது என்று சோதித்து இந்த ஆண்டு அரசு முத்திரை வைத்தாயிற்றா என்பதையும் இத்தோடு பார்த்துவிடுங்கள்.

அலுவலகச் சுவரில் அழகான அமைப்பு வரைபடம் ஒன்று இருக்கிறது. உச்சியில் பொதுப்பேரவை, கீழே இயக்குநர் குழு, அதன்கீழ் செயல் அலுவலர், கொள்முதல், கிடங்கு, கணக்கு, பக்கவாட்டில் தணிக்கை. எல்லாக் கட்டத்துக்கும் கோடு இழுத்திருக்கிறது. எல்லாக் கோடும் ஒரே நாற்காலியில் போய் முடிகிறது என்பதை மட்டும் வரைந்தவர் காட்ட மறந்துவிட்டார். ஊர்த் திருவிழாவில்கூட வரி வசூலிப்பவர் வேறு, பெட்டிச் சாவி வைத்திருப்பவர் வேறு, கூட்டத்தில் கணக்குப் படிப்பவர் வேறு. கம்பெனிச் சட்டம் படித்தவர்கள் வைத்த ஏற்பாடல்ல அது.

இது நம் ஒருவர் கதையுமல்ல. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் என்று 2020-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை மானியம். நான்காம் ஆண்டு அலுவலர் சம்பளத்துக்கு வருமானம் எங்கே என்பதை முதல் ஆண்டிலேயே எத்தனை குழுக்கள் உட்கார்ந்து யோசித்தன? மானியம் நிற்கிறது, அலுவலர் போகிறார், நாற்காலி காலியாகிறது, பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்துகொள்கிறார். பிறகு பெயர்ப்பலகையும் தணிக்கை அறிக்கையும்தான் மிச்சம். மேலே உள்ள துறைகளும் எத்தனை நிறுவனம் பதிவானது என்று எண்ணுவதில் காட்டும் அக்கறையை, அவற்றுள் எத்தனை நிறுப்பதைச் சரியாக நிறுக்கின்றன என்பதில் காட்டுவதில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் மூன்றை மட்டும் சேர்க்கப் பணிவுடன் கேட்கிறோம்: கூடுதல் பொறுப்புத் தீர்மானத்தைக் கைவிடுவது, உறுப்பினர் அல்லாத செயல் அலுவலரை நியமிப்பது, எடையையும் பணத்தையும் வெவ்வேறு கைகளில் பிரிப்பது. தை மாதம் மிளகு பறிப்பு தொடங்கும் முன் இது முடிய வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். நம் கணக்கில் அது 138 கையெழுத்து. தாள் வாங்கி வைத்திருக்கிறோம், இன்னும் யாரிடமும் நீட்டவில்லை.

இப்படிக்கு,
மலைக் கிராம உறுப்பினர்கள்