பாட்டியின் பட்டு விடுபட்ட படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இரு வாரங்களுக்கு முன் வெளியான, கலைஞர் டோரத்தி கிராஸ் பற்றிய அரைப்பக்கக் கட்டுரையையும், அதில் இடம்பெற்ற படத்தைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். பசுவின் தோலையும் மடியையும் காட்சிக்கு வைப்பது அருவருப்பானது, விலங்குகளுக்கு இழைக்கும் அவமதிப்பு என்று அந்த வாசகர் வருந்தியிருந்தார். அவருடைய வருத்தத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் அவர் பார்த்தது அந்தக் கலைப்படைப்பின் மேற்பாதியை மட்டுமே. இடப் பற்றாக்குறையாலோ வேறு காரணத்தாலோ கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுத் தாங்கள் படத்தை அச்சிட்டிருந்தீர்கள். அயர்லாந்தின் கார்க் நகரில் பல ஆண்டுகள் பணியாற்றி, இந்தக் கலைஞரின் படைப்புகளையும் அவை பிறந்த கடற்கரைகளையும் ஓரளவு அறிந்தவன் என்ற முறையில், வெட்டுப்பட்ட அந்தப் பாதியைப் பற்றி எழுதுவது என் கடமை என்று தோன்றியது.

முதலில் ஒரு திருத்தம். அந்தப் படைப்பு லண்டனின் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் இருப்பதால் கட்டுரையாளர் அவரை பிரிட்டிஷ் கலைஞர் என்று குறிப்பிட்டுவிட்டார் போலும். டோரத்தி கிராஸ் 1956இல் கார்க் நகரில் பிறந்தவர். 1993ஆம் ஆண்டு வெனிஸ் பியனாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அயர்லாந்தின் சார்பில் பங்கேற்றவர். நெடுங்காலமாக அந்நாட்டின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய கானமாரா பகுதியில் வாழ்ந்து பணிபுரிபவர். கடல், கால்நடை, கரையோர மக்கள் ஆகியவற்றிலிருந்தே எழும் ஒரு கலையைப் பற்றி எழுதும்போது, எந்தக் கடல், எவருடைய கால்நடை என்பது பிழையானால் மற்றவை எல்லாமே பிழையாகிவிடும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். 'வர்ஜின் ஷ்ரவுட்', அதாவது கன்னியின் சவப்போர்வை, 1993இல் செய்யப்பட்டது. ஆள் உயரத்துக்கும் சற்று மேலான ஒரு சட்டகத்தின் மீது பசுவின் தோல், முக்காடிட்டு நிற்கும் பெண்ணுருவம்போலத் தொங்குகிறது. மடி உச்சியில் அமைய, காம்புகள் கிரீடம்போல மேல்நோக்கி நிற்கின்றன. தாங்கள் அச்சிட்டது இவ்வளவுதான். அந்தத் தோலின் அடியிலிருந்து வெண்பட்டுத் துணியொன்று வழிந்து தரையில் படர்ந்து கிடப்பது படத்தில் இல்லை. அது கலைஞரின் பாட்டி தம் திருமண நாளில் உடுத்திய ஆடையின் பின்தொங்கல். பால் சுரக்கும் விலங்கின் தோலும் தன் குடும்பத்து மூதாட்டியின் மணப்பட்டும் ஒரே உருவத்தில் இணையும்போது, அந்நாட்டில் காணும் இடமெல்லாம் நின்றுகொண்டிருக்கும் அன்னை மரியாளின் சிலை பார்ப்பவர் நினைவுக்கு வராமல் போகாது. தாய்மை என்று நாம் புகழ்ந்து ஒதுக்கி வைக்கும் ஒன்றின் உடல் பாரத்தை அந்த உருவம் தாங்கி நிற்கிறது. பட்டை வெட்டிவிட்டால் எஞ்சுவது தோல் மட்டுமே. அதைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தால் அது அவர் குற்றமாகாது.

தோல் ஏன் என்ற கேள்வி நியாயமானது. 1990ஆம் ஆண்டையொட்டி நார்வேயில் ஓர் அருங்காட்சியகத்தில், பசுவின் மடியை இழுத்துக் கட்டிச் செய்த பழைய சல்லடை ஒன்றைக் கிராஸ் கண்டார். உடலின் ஓர் உறுப்பு வீட்டுப் புழங்குபொருளாகவும் இருந்த காலத்தின் சான்று அது. அதன் பிறகு சில ஆண்டுகள் அவர் மாட்டுத்தோலையும் மடியையும் கொண்டே தொடர்ந்து பணியாற்றினார். மக்கள்தொகை 50 இலட்சத்தைச் சற்றே தாண்டிய அயர்லாந்தில் மாடுகளின் எண்ணிக்கை 60 இலட்சத்துக்கும் மேல். சாலைக்கு ஐரிஷ் மொழியில் வழங்கும் 'போஹர்' என்ற சொல்லே பசுவைக் குறிக்கும் 'போ' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அந்நாட்டுப் பழங்கதைகளுள் தலையாயது, ஓர் அரிய காளையைக் கவர்ந்து வரச் சென்ற படையெடுப்பைப் பற்றியது. ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்று தனித் திணையே வகுத்த மொழியில் படித்து வளர்ந்த நமக்கு, மாடு ஒரு சமூகத்தின் செல்வமாகவும் மானமாகவும் இருக்க முடியும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. பால், இறைச்சி, தோல் என்று மாட்டை நம்பியே வாழ்ந்த மக்களின் நடுவிலிருந்து வந்த கலைஞர், அந்தத் தோலை மறைக்காமல் எடுத்துக் காட்டுவதில் அவமதிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த விலங்குக்கு நாம் பட்ட கடனை நேருக்கு நேர் நின்று ஒப்புக்கொள்வதாகவே அதைக் காண்கிறேன்.

இதே எண்ணம் இன்னும் கூர்மையாக வெளிப்படுவது, 2013இல் அவர் செய்த சுறாத்தோல் படகில். அயர்லாந்தின் மேற்குக் கரையில் 'கரக்' என்றொரு படகு உண்டு: மெல்லிய மரச்சட்டங்களால் எலும்புக்கூடுபோலக் கட்டி, முற்காலத்தில் மாட்டுத்தோலும் பிற்காலத்தில் தார் பூசிய துணியும் போர்த்திக் கடலில் இறக்குவார்கள். கிராஸ் அந்தச் சட்டத்தின் மீது பாஸ்கிங் சுறாவின் தோலைப் போர்த்தினார். பத்து மீட்டர் நீளம் வரையும் வளரும் இந்தச் சுறா கடல்நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களை மட்டுமே உண்டு, கோடையில் நீர்மட்டத்தில் வாய் திறந்தபடி மெல்ல நீந்தும் சாதுவான விலங்கு. அதே மேற்குக் கரையிலுள்ள ஆக்கில் தீவின் கீம் விரிகுடாவில் 1947 முதல் 1975 வரை, ஈரல் எண்ணெய்க்காக 12,000க்கும் மேற்பட்ட சுறாக்கள் பிடிக்கப்பட்டன. வலையில் சிக்கிய சுறாவை நெருங்கி ஈட்டியால் குத்தியவர்கள் சென்றது இதே கரக் படகுகளில்தான். ஆகவே, வேட்டையாடிய படகு வேட்டையாடப்பட்ட விலங்கின் தோலை உடுத்தி நிற்கிறது. அதைப் பார்க்கும்போது, பசியோடு கடலுக்குப் போன மீனவனையும் வாய் திறந்து வந்த சுறாவையும் ஒருசேர எண்ணாமல் இருக்க முடிவதில்லை. இருவருள் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கி அமைதி அடையவும் முடிவதில்லை. அயர்லாந்தில் இந்தச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு 2022இல்தான் கிடைத்தது. கண்டனக் கடிதம் எழுதிய வாசகர் விலங்குகளிடம் உண்மையான பரிவு கொண்டவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. அவர் இந்தப் படகைப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தங்கள் கட்டுரை இவரைக் 'கலவை ஊடகக் கலைஞர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. அட்டவணைக்கு வேண்டுமானால் அது போதும். ஆனால் நம் இலக்கண மரபு ஒரு நிலத்தைச் சொல்லும்போது அதன் விலங்கு, பறவை, மரம், தொழில், பறை, யாழ் அனைத்தையும் கருப்பொருள் என்று ஒன்றாகவே எண்ணியது. கிராஸ் கையாளும் தோல், கப்பல், குரல், கல், கண்ணாடி ஆகியவற்றை அந்தக் கண்ணோடு பார்த்தால் கலவை என்ற எண்ணமே எழாது. அவை ஒரே கடற்கரையின் கருப்பொருள்கள்.

1999இல் டப்ளினை அடுத்த டன் லீரி கடற்கரைக்கு எதிரே அவர் நிறுத்திய 'கோஸ்ட் ஷிப்', அதாவது பேய்க்கப்பல், இதற்கு நல்ல சான்று. கலங்கரை விளக்கம் கட்ட முடியாத பாறைத் திட்டுகளுக்கு அருகே நங்கூரமிட்டு, விளக்கேந்தி, இடம் பெயராமல் நிற்பதற்காகவே விளக்குக் கப்பல்கள் இருந்தன. அவற்றில் மாலுமிகள் மாதக்கணக்கில் தனித்திருந்தார்கள். 1936 பிப்ரவரியில் கார்க் கரைக்கு அப்பால் அப்படியொரு கப்பல் புயலில் நங்கூரம் அறுந்து தத்தளித்தபோது, பாலிகாட்டன் என்ற சிற்றூரின் மீட்புப் படகினர் மூன்று நாள் அலைகளோடு போராடி எட்டுப் பேரை உயிருடன் கொண்டுவந்த கதையை, அந்த ஊரில் இன்றும் நேற்று நடந்ததுபோலவே சொல்வார்கள். பின்னர் தானியங்கி மிதவைகள் வந்தன; கப்பல்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டன. அவ்வாறு கைவிடப்பட்ட ஒன்றை எடுத்து, இருளில் ஒளிரும் வண்ணம் பூசி, கடலில் நிறுத்தினார் கிராஸ். புற ஊதா விளக்குகள் சிறிது நேரம் எரிந்து அணையும், கப்பல் பச்சை ஒளியில் மிதந்து, மெல்ல மங்கி, இருளோடு கலந்துவிடும், மீண்டும் ஒளிரும். மூன்று வாரங்கள் இது நடந்தது. பிறருக்கு வழிகாட்டவே பிறந்த கப்பல், கடைசியாக ஒருமுறை தன்னையே காட்டிக்கொண்டு போனது என்று சொல்லலாம். அதற்கு நுழைவுச்சீட்டோ சுவரோ இல்லை. மாலையில் கடற்கரைக்கு வந்த எவரும் நின்று பார்த்தார்கள்.

அதே ஆண்டில் மேற்குக் கரையின் கால்வே நகரில் நடந்த 'கயாஸம்' என்ற அவருடைய படைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் ஊர்ப்புறங்களில், கையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டத்துக்காகக் கட்டப்பட்ட, கூரையற்ற உயர்ந்த காங்கிரீட் களங்கள் ஏராளம். ஒரு காலத்தில் ஊர் இளைஞர்கள் கூடிய இடங்கள் அவை. இன்று பலவற்றில் புல் முளைத்துக் கிடக்கிறது. அப்படிக் கைவிடப்பட்ட இரண்டு களங்களைக் கிராஸ் தேர்ந்தெடுத்தார். கால்வேக்கு எதிரே கடலில் உள்ள அரான் தீவுகளில் பெரியதான இனிஷ் மோரில், கடல் அலைகளே உளியால் அறுத்ததுபோல் நேர்க்கோடாகச் செதுக்கிய செவ்வகக் குளம் ஒன்று சுண்ணாம்புப் பாறையில் உண்டு. நானும் ஒருமுறை அந்தப் பாறைகளின் மீது தடுமாறித் தடுமாறி நடந்து போய்ப் பார்த்தேன். மனிதர் வெட்டியதல்ல என்று நம்ப நெடுநேரம் ஆயிற்று. ஓதம் ஏறி அதில் நீர் பொங்குவதைப் படமெடுத்து, களங்களின் தரையில் மேலிருந்து ஒளிபாய்ச்சினார் கிராஸ். ஒரு களத்தில் ஓர் ஆண், மறு களத்தில் ஒரு பெண், நடுவே சுவர், ஒருவரை ஒருவர் காண முடியாமல் ஆப்பரா என்னும் மேற்கத்திய இசைநாடகத்தின் காதல் வரிகளைப் பாடினார்கள். கடலின் குளமும் மனிதரின் களமும் ஏறத்தாழ ஒரே வடிவம் என்பதைக் கண்ட அந்தக் கண்ணை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

அவருடைய எல்லாப் படைப்புகளும் எனக்கு ஒரே அளவில் நிறைவளிப்பதில்லை. சுறாவின் முதுகில் எவரெஸ்ட் சிகரத்தை ஏற்றி வார்த்த வெண்கலச் சிற்பம் திறமையானதுதான். ஆயினும் வாழ்ந்து தீர்ந்த பொருளின் தழும்பு அதில் இல்லாததால் மனதில் தங்கவில்லை. 2019இல் 'ஜேம்ஸ் ஜாய்ஸ்' என்ற ஐரிஷ் கடற்படைக் கப்பலில், பதப்படுத்தப்பட்ட ஒரு மனித இதயத்தை ஏற்றி, பாடகி லிசா ஹனிகனின் குரலோடு கார்க் நகரின் லீ ஆற்றில் வரச் செய்த படைப்பு அப்படியல்ல. மத்திய தரைக்கடலில் தத்தளித்த ஏதிலியர் பலரை மீட்டவை அந்நாட்டுக் கடற்படைக் கப்பல்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த இதயம் யாருக்காகத் துடித்தது என்று கேட்கத் தோன்றாது.

இறுதியாக, கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒரு பெண்ணை நினைவுகூர விரும்புகிறேன். அயர்லாந்தின் தென்மேற்குக் கரையை ஒட்டிய வலென்ஷியா தீவில் வாழ்ந்த மோட் டெலாப் (1866–1953) ஒரு பாதிரியாரின் மகள். எந்தக் கல்லூரியிலும் பயிலாதவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் வீட்டு அறையில் கண்ணாடிக் குடுவைகளில் சொறிமீன்களை வளர்த்து, அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியை முதன்முதலில் முழுமையாகக் கண்டறிந்தவர்களுள் அவர் ஒருவர். இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வு நிலையம் அவரைப் பணிக்கு அழைத்தபோது, மணமாகாத மகள் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று தந்தை மறுத்துவிட்டார். அவர் தீவிலேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். கடல் சாமந்தி என்னும், பூப்போலத் தோன்றும் கடல் விலங்கின் ஓர் இனம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. விலங்கியல் பேராசிரியரான தன் சகோதரர் டாம் கிராஸுடன் இணைந்து, சொறிமீன் நீந்தும் விதத்தையும் டெலாப்பின் வாழ்வையும் ஒரே படைப்பில் கொண்டுவந்தார் டோரத்தி. பின்னர் 2004இல் அதே தீவின் கற்சுரங்கத்தில், வாயிலின் மேல் மரியாளின் சிலை நிற்கும் அந்தக் குகையில், மகனை இழந்த தாயின் துயரத்தைப் பாடும் இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசியின் 'ஸ்டாபட் மாட்டர்' இசையை அரங்கேற்றினார். குகையின் கூரையிலிருந்து நீர் சொட்டும் ஓசையை அங்கே நின்று கேட்டிருக்கிறேன். அந்த ஓசையின் நடுவே அந்தப் பாடல் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வீட்டைத் தாண்ட அனுமதிக்கப்படாத டெலாப்பும், மணப்பட்டு மட்டும் எஞ்சிய அந்தப் பாட்டியும் கிராஸின் கலையில் எனக்கு அடுத்தடுத்து நிற்பவர்களாகவே தெரிகிறார்கள். ஆகவே, ஆசிரியர் அவர்களே, தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. 'வர்ஜின் ஷ்ரவுட்' படத்தைத் தரையில் படர்ந்த அந்த வெண்பட்டோடு முழுமையாக ஒருமுறை வெளியிடுங்கள். படத்தின் கீழே தோல், பட்டு, எஃகு என்று பொருள்களையும், பட்டு யாருடையது என்பதையும் குறிப்பிடுங்கள். கண்டனம் எழுதிய வாசகர் அதன் பிறகும் தம் கருத்தில் உறுதியாக நின்றால், அவர் எழுதும் அடுத்த கடிதத்தையும் படிக்க ஆவலோடு காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்