நகோண்டேயில நின்ன சோப்பு லாரி

டேய் மாப்ள,

எட்டு மாசமா பதில் போடல, திட்டணும்னா மொத்தமா திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் சௌக்கியம். மொட்டை அந்த இருநூறு ரூபாய இன்னும் குடுக்கலையா?

விஷயத்துக்கு வரேன். தான்சானியாவுல தார் எஸ் சலாம்ல இருந்து இங்க சாம்பியாவுல லுசாகாவுக்கு வர வேண்டிய எங்க சோப்பு லோடு, ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கற நகோண்டே பார்டர்ல ஆறு நாள் நின்னுடுச்சுடா. நானே ஓடினேன். டிரைவர் லாரிக்கு அடியில பாய விரிச்சு, பக்கத்துல கரி அடுப்பு வச்சு உகாலி (மக்காச்சோள மாவுக் களி) கிண்டிட்டிருந்தாரு, எனக்கும் ஒரு தட்டு நீட்டினாரு. என்ன குத்தம்னா சோப்பு தான்சானியாவுலதான் செஞ்சதுன்னு காட்ற சர்ட்டிபிகேட்ல சரக்குக்கு ஒரு கோட் நம்பர், இன்வாய்ஸ்ல வேற கோட் நம்பர். எங்க ஆபீஸ் பையன் பண்ண வேலை. ஒரே ஒரு நம்பர்!

2018-ல ருவாண்டாவோட கிகாலியில 44 ஆப்பிரிக்க நாடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு உன்ன எழுப்பிக் கத்தினேனே, அந்த வாயாலதான் இதச் சொல்றேன். இப்ப எரித்ரியா தவிர 54 நாடும் போட்டாச்சு. ஆனா வரிச் சலுகை வேணும்னா சரக்கு எங்க பொறந்துச்சுன்னு காட்டணும், அதுக்கு ஒவ்வொரு கூட்டணிக்கும் ஒரு பேப்பர். தான்சானியா கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்துல இருக்கு, சாம்பியா இல்ல. சாம்பியா கோமெசாவுல (கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் பொதுச் சந்தை) இருக்கு, தான்சானியா 2000-லயே வெளிய வந்துடுச்சு. தெற்கு ஆப்பிரிக்க நாடுங்க கூட்டணி சாடெக்ல ரெண்டும் இருக்கு. நம்ம மெஸ் கமிட்டியே தேவலாம்.

அடுப்புப் பக்கத்துல உக்காந்தப்போ ஆப்பிரிக்கா எப்படி ஒண்ணா சேரணும்னு நாம ஹாஸ்டல்ல போட்ட சண்டைதான் ஞாபகம் வந்துச்சு. நான் கானா தலைவர் என்க்ருமா கட்சி, ஒரே நாள்ல ஒரே அரசாங்கம். நீ தான்சானியா தலைவர் நைரேரே கட்சி, பக்கத்து வீட்டோட முதல்ல சேரு. இதுல கூத்து என்னன்னா என்க்ருமா 1958-ல கானாவுக்கும் கினியாவுக்கும் அறிவிச்ச யூனியன், அப்புறம் மாலியும் சேர்ந்தும்கூட, சில வருஷத்துல கலைஞ்சுபோச்சு. மெதுவா போகலாம்னு சொன்ன நைரேரேதான் 1964-ல டாங்கனிக்காவையும் சான்சிபாரையும் ஒண்ணாக்கி, தான்சானியாவா இன்னிக்கு வரைக்கும் நிக்க வச்சுட்டாரு. சரி, நீ ஜெயிச்ச, ஒத்துக்கறேன்.

ரொம்ப ஆடாத. 1975-ல இருந்து பொறுமையா கட்டின மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டணி எகோவாஸ்ல இருந்து மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூணும் 2025 ஜனவரில வெளிய போயிடுச்சு. அங்க ராணுவம் ஆட்சியப் புடிச்சதும் எகோவாஸ் சஸ்பெண்ட், தடைன்னு நடவடிக்கை எடுத்துச்சு, மூணு நாடும் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடுச்சு. அம்பது வருஷ வேலைடா. அதப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு மனசே சரியில்ல, யார்கிட்ட சொன்னாலும் "உனக்கு என்ன அதுல"ங்கறாங்க.

திங்கக்கிழமை அடுத்த லோடு, அதே டிரைவர். கோட் நம்பர நானே மூணு தடவ பாத்துட்டேன். இருந்தாலும் கரி ஒரு மூட்ட கேட்டிருக்காரு.

பதில் போடு.