பழைய கணினி ஒன்று வாங்கியிருக்கிறேன்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, அச்சகத்தின் பழைய கணினி போய்விட்டதால் புதியது வாங்கப் பணம் அனுப்புவதாகச் சொன்னாய். உன் அக்கறை எனக்குத் தெரியும், ஐயா. ஆனாலும் பணம் அனுப்ப வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளை மொத்தமாக எடுத்து விற்கும் கடை ஒன்று செகாம்புட்டில் இருக்கிறது. அங்கே, 2007ஆம் ஆண்டு வெளிவந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 755 ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். கணினித் துறையிலேயே வேலை பார்க்கும் உனக்கு இது அம்மாவின் பிடிவாதமாகத் தோன்றலாம். அதனால்தான், இதை ஏன் வாங்கினேன், எப்படிச் சீர்செய்தேன் என்பதை எல்லாம் விவரமாக எழுதுகிறேன். எனக்குப் பிறகு இந்தப் பெட்டியை இயக்கத் தெரிந்தவர் நம் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

உன் அப்பா கோத்த பக்கங்கள் முழுவதும், பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில்தான் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். கும்பாபிஷேக மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், திருமண அழைப்பிதழ்கள், கருமாதி அட்டைகள் என்று இருபது ஆண்டு வேலை பழைய கணினியின் வட்டில் கிடக்கிறது. அந்த மலர்கள் வெளிவந்த தோட்டங்களில் சில இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கோயிலும் இடம் பெயர்ந்துவிட்டது. அங்கே யார் தலைவராக இருந்தார், யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார், முதல் குடமுழுக்கு எந்த ஆண்டு நடந்தது என்பதற்கெல்லாம் அந்த மலரை விட்டால் வேறு எழுத்து இல்லை. கோயில் குழுவினர் இன்றும் வந்து பழைய பக்கங்களைக் கேட்கிறார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது.

அந்தக் கோப்புகளைப் புதிய கணினிக்கு நகலெடுத்துக் கொண்டால் போதாதா என்று கேட்டாய். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001ஆம் ஆண்டில். அதன் இடத்தைப் பிடித்த இண்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரையில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. இன்றைய பதிப்புகள் திறப்பதில்லை. அப்படித் திறந்தாலும் தமிழ் தமிழாக வராது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் முறையாகிய யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தம் விருப்பப்படி அமர்த்தினார்கள். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தாம், தாப் என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைகள் வந்தாலும், நம் அச்சகத்தில் இருந்த தமிழ் எழுத்துருத் தொகுப்பு அதற்கும் முந்தியது. அதன் வரிசை அதற்கு மட்டுமே உரியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘திருமுருகன் துணை’ என்ற வரி கூட, மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டமாகத்தான் தெரியும்.

அந்தத் தொகுப்புக்கு ஒரு பூட்டும் உண்டு. கணினியின் பின்புறம், பழைய அச்சுப்பொறிகளுக்கான இருபத்தைந்து துளை கொண்ட பேரலல் போர்ட்டில் செருகும், தீப்பெட்டி அளவிலான டாங்கிள் அது. அது செருகப்பட்டிருந்தால்தான் தமிழ் விசைப்பலகை வேலை செய்யும். புதிய கணினிக்குள்ளேயே பழையதை மென்பொருளாக ஓட்டலாம் என்று நீ சொன்ன மெய்நிகர்க் கணினி யோசனையையும், யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கம்பியையும் நான் விசாரிக்காமல் இல்லை. அந்தக் கம்பி அச்சுப்பொறிக்காக மட்டும் செய்யப்பட்டது. கணினி அதை ஓர் அச்சுப்பொறியாகத்தான் பார்க்கும், டாங்கிளோடு பேச அதற்கு வழியில்லை. தனியாகச் செருகும் பேரலல் அட்டைகள் கிடைக்கின்றன. ஆனால் நம் மென்பொருள், பதினாறடிமான எண்ணில் 378 என்று குறிக்கப்படும் அந்த ஒரே முகவரியில்தான் பூட்டைத் தேடுகிறது. புதிய அட்டைகள் பெரும்பாலும் வேறு முகவரியில் போய் அமர்ந்துகொள்கின்றன. எனவே கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பேரலல் போர்ட் உள்ள, 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி தடையின்றி ஓடும் கணினிதான் நமக்குத் தேவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்த பிறகு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. பார்க்கப் புதிதாகவும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரலல் போர்ட் கிடையாது என்பதால் நான் அவற்றைத் தொடவே இல்லை.

கடை முதலாளியான தவுக்கே நான்கைந்து பெட்டிகளை எடுத்து வைத்தார். நான் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பக்க மூடியைக் கழற்றச் சொன்னேன். நம் பழைய கணினி எதனால் போயிற்று என்பதைப் பார்த்தவள் ஆதலால், முதலில் என் கண் போனது செயலியைச் சுற்றி நிற்கும் சிறிய உருளைகள் மேல்தான். கெப்பாசிட்டர் என்ற அந்த உருளையின் தலை தட்டையாக இருக்க வேண்டும். கொஞ்சம் மேடிட்டிருந்தாலோ, காய்ந்த பழுப்பு நிறப் பசை கசிந்திருந்தாலோ அந்தப் போர்டு அதிக நாள் தாங்காது. 2000களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட போர்டுகளில் இந்தக் குறை பரவலாக இருந்தது; உள்ளே இருந்த திரவத்தின் கலவை சரியில்லாததே காரணம். தவுக்கே எடுத்து வைத்தவற்றில் ஒன்று அப்படித்தான் இருந்தது. அதன் வெளிப்புறம் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருந்ததைப் பார்த்தபோது, மூடியைக் கழற்றாமல் எந்தப் பழைய கணினியையும் வாங்கக் கூடாது என்பது இன்னும் உறுதியாயிற்று.

இன்னொன்றையும் நீ நினைவில் வைத்துக்கொள். சில மின்வழங்கிகளின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்பு விசை இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளில் அது 115இல் நிற்கலாம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். விசையை மாற்றாமல் செருகினால் ஒரே வெடிச் சத்தத்தோடு மின்வழங்கி போய்விடும்.

வாங்கி வந்ததும் முதலில் தொட்டது பழைய வட்டைத்தான். அதைப் புதிய பெட்டியில் மாட்டி ஓட்டிப் பார்க்கவில்லை. முழு வட்டையும் அப்படியே படியெடுத்து, அந்தப் படியை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்கினேன். பெட்டி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். வட்டில் இருப்பது மறுபடி கிடைக்காது.

நினைவகத்துக்காக அதிகம் செலவழிக்கவில்லை. 32 பிட் எக்ஸ்பி நான்கு கிகாபைட்டையும் முழுதாகப் பயன்படுத்தாது. மூன்றேகால் அளவுதான் அதன் கணக்கில் வரும். பேஜ்மேக்கருக்கு அதில் கால் பங்கே தாராளம். டிடிஆர்2 வகையில் இரண்டு கிகாபைட் போட்டேன். ஒரே துண்டில் நான்கு கிகாபைட் என்று மலிவாக விற்கப்படுபவற்றில் பல, ஏஎம்டி செயலிக்கான போர்டுகளில் மட்டும் வேலை செய்பவை; நம்முடையது போன்ற இன்டெல் போர்டில் உயிர் பெறாது. உண்மையான மாற்றம், சுழலும் தட்டு இல்லாத வட்டான எஸ்எஸ்டி போட்டதில்தான் தெரிந்தது. நூற்றைம்பது பக்க மலர் ஒன்று, படங்களோடு, மூச்சுவிடும் நேரத்தில் திறந்துவிடுகிறது.

ஆனால் எக்ஸ்பி பிறந்த காலத்தில் எஸ்எஸ்டி புழக்கத்தில் இல்லை என்பதால் சில வேலைகளை நாமேதான் செய்ய வேண்டும். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பான பயாஸில், வட்டோடு பேசும் முறையை ஏஎச்சிஐ என்ற புதியதிலிருந்து பழையதற்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நிறுவும்போதே நீலத் திரை வந்து நின்றுவிடும். வட்டைப் பகுதி பிரிக்கும் வேலையை எக்ஸ்பியிடம் விடக் கூடாது. அது 63 என்ற எண்ணுள்ள செக்டரிலிருந்து, அதாவது வட்டின் அந்தச் சிறு துண்டிலிருந்து, தொடங்கும். எஸ்எஸ்டிக்கு அது பொருந்தாத இடம் என்பதால் எழுதும் வேகமும் வட்டின் ஆயுளும் குறையும். விண்டோஸ் 7 உள்ள வேறொரு கணினியில் பகுதியைப் பிரித்து, அதன் பிறகு இங்கே நிறுவினேன். அழித்த இடத்தை வட்டுக்குத் தெரிவிக்கும் டிரிம் வசதியும் எக்ஸ்பியில் இல்லை. ஆகவே வட்டில் ஒரு பகுதியை ஒதுக்காமல் வெறுமையாக விட்டிருக்கிறேன். கடைசியில் டாங்கிள்தான் கொஞ்சம் சோதித்தது. பயாஸில் பேரலல் போர்ட் ஈசிபி முறையில் இருந்தவரை அது பதிலே சொல்லவில்லை. ஈபிபி முறைக்கு மாற்றியதும் தமிழ் விசைப்பலகை வந்தது. அப்பாவின் கையெழுத்தில் உள்ள விசைப் படம் இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமலே ‘அ’ அடித்தேன், ‘அ’ வந்தது. எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறு வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றி நீ கவலைப்படுவாய். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகையால் இந்தக் கணினிக்கு இணையமே கிடையாது. பிணையக் கம்பியைச் செருக முடியாதபடி அந்தத் துளையின் மேல் நாடா ஒட்டியிருக்கிறேன். கோப்புகள் ஒரே ஒரு பென்டிரைவில் மட்டும் வெளியே போகும். அது திரும்பி வருமுன் புதிய கணினியில் சோதிக்கப்படும். மாலையில் இடியோடு மழை பிடிக்கும் நாள்களில் செருகியைக் கழற்றிவிடுகிறேன். டாங்கிளை மட்டும் கழற்றுவதில்லை. அது போனால் பணம் கொடுத்தாலும் வேறு கிடைக்காது. செய்து கொடுத்த நிறுவனம் மூடப்பட்டு நெடுநாளாகிறது.

இந்தப் பெட்டியும் என்றென்றைக்கும் ஓடாது என்பதை நான் அறிவேன். அதனால் ஒவ்வொரு மலரையும் திறந்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக மாற்றி வருகிறேன். பக்கம் அப்பா அமைத்தபடியே கண்ணுக்குத் தெரிய அது போதும். ஆனால் பிடிஎஃபில் ஒரு பெயரைத் தேட முடியாது. உள்ளே இருப்பது அதே பழைய குறியீடு. தேட வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், அதற்குத்தான் நீ எனக்கு வேண்டும். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. யூனிகோடில் முதலில் க, அதன் பின் ஒகரக் குறி. ‘கௌ’ எழுதும்போது வரும் கடைசிக் குறியும் ளகரமும் நம் எழுத்துருவில் ஒரே இடத்தில் இருப்பதால், அது எந்த இடத்தில் எது என்பதைச் சொல்லை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வரி முடிவில் கொம்பு தனித்து நின்று எழுத்து அடுத்த வரிக்குப் போன இடங்களும் உண்டு. நீ எழுதும் நிரல் இவற்றையெல்லாம் கவனித்தால் போதும். மெய்ப்புப் பார்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு எழுத்தும் எந்த எண்ணில் இருக்கிறது என்று அட்டவணை எழுதிக்கொண்டிருக்கிறேன். உயிரும் மெய்யும் முடிந்துவிட்டன. உகர, ஊகார வரிசைகளும் கிரந்த எழுத்துகளும் பாக்கி. முடிந்ததும் மாதிரிக்கு ஒரு மலரோடு சேர்த்து உன் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். நன்கொடையாளர் பட்டியல் உள்ள பக்கங்களிலிருந்து தொடங்கு, ஐயா. முதலில் கேட்டு வருபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா