பாதாளக் கரண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். அடிவாரத்தில் இருந்து இருபது வளைவு ஏறினால் உன் அறை வந்துவிடும், அதற்குப் போய் ஒரு கடிதமா என்று நீ சிரிக்கலாம். சிரித்தால் நல்லதுதான். போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா" என்று என்னை விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் ஏற்காடு பஸ்ஸில் தட்டுவடை, எள்ளுருண்டையோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். மாம்பழம் அடுத்த வாரம். இந்த வாரம் வந்தது அம்மாவுக்குத் திருப்தியில்லை.

மலையில் இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடாதே. இரண்டாவது கியரிலேயே வா. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அப்படி இறங்கியவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே உன் வேலை, உனக்குப் போய்ச் சொல்கிறேன். இருந்தாலும் நீ ஓட்டுவது என் பழைய வண்டி. அதன் பிரேக் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வேண்டுமென்றே உன் வாயைக் கிளறினாள். கவனித்தாயா தெரியவில்லை. பொங்கலுக்கு நடந்ததை அவள் மறந்துவிட்டாள் என்று உனக்குக் காட்டத்தான் அப்படிச் செய்தாள். அன்று, "வழியிலேயே உயிர் போய்விட்டால் என்ன செய்வீர்கள்" என்று அவள் கேட்டதற்கு, "இறந்தவர்களை 108 ஏற்றாது அத்தை. அதற்கு அமரர் ஊர்தி இருக்கிறது, 155377. அந்த நம்பரை மனப்பாடம் செய்ய முடியாமல்தான் பாதிப்பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்" என்றாய். மாமா போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எல்லோர் முன்னாலும், "இதெல்லாம் சிரிக்கிற விஷயமா? இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கத்தினேன்.

அத்தையை வைத்துக்கொண்டு நீ அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் கத்தும் தகுதி எனக்கு இல்லை.

வருடா வருடம் ஏப்ரல் 14 அன்று, 1944இல் பம்பாய்த் துறைமுகத் தீயில் இறந்துபோன வீரர்களுக்காக எங்கள் தீயணைப்பு நிலையத்தில் தலைகுனிந்து நிற்போம். நீயும் சின்ன வயதில் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாய். அந்த மௌனம் கலைந்து டீ வந்ததும் நாங்கள் பேசியதையெல்லாம் நீ கேட்டதில்லை. தீயைவிடக் கிணறுதான் எங்களுக்கு அதிகம். பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவி, சிக்கியதை மேலே ஏற்றிவிட்டு, கை கழுவி டீக்கடைக்கு வந்தால் ஒருவர் கேட்பார்: "பரிமாறியாயிற்றா?" கரண்டி போட்டோமல்லவா, அதனால். கேட்டவரும் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். அப்படிச் சிரிக்காவிட்டால் அந்த டீ தொண்டையில் இறங்காது. வீட்டில் யாரையும் பரிமாற விடாமல் நானே போட்டுச் சாப்பிடுவதை அப்பாவின் பெருந்தன்மை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும்.

108 வந்ததே 2008இல்தான். அதற்கு முன்னால் அடிபட்டவரைக் கிடைத்த வண்டியில் போட்டு அனுப்பிவிட்டு, பிழைத்தாரா இல்லையா என்றுகூடத் தெரியாமல் திரும்புவோம். நீ அந்தச் சீருடையில் முதல் நாள் வந்து நின்றபோது நான் எதுவும் சொல்லவில்லை. மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அம்மா சொல்லியிருப்பாள்.

நாங்கள் கேலி செய்யாத ஆளில்லை, பணக்காரன், குடிகாரன், எங்கள் அதிகாரி உட்பட. குழந்தையென்றால் மட்டும் நிலையத்துக்குத் திரும்பும்வரை வண்டியில் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். யாரும் விதி போடவில்லை. தானாக அப்படி ஆகிவிடும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அத்தை "மேலே வேலையெல்லாம் எப்படி" என்று கேட்க, நீ "பரவாயில்லை அத்தை" என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எதையும் கேட்கப் போவதில்லை. பேப்பரிலும் எதையும் படிக்கவில்லை. போன புதன்கிழமைப் பேப்பரை மட்டும் எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவுப் பணி முடிந்தால் தூங்கிவிட்டு இறங்கு. நியூட்ரலில் வராதே.

அத்தை வீட்டுக் கிணற்றில் தவளை பார்க்க எட்டியதற்கு நான் உன்னை அறைந்த கதையை எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். நீயும்தான் சிரிப்பாய், "அப்பாவிடம் நான் வாங்கிய ஒரே அடி, அதுவும் ஒரு தவளைக்காக" என்று. உனக்கு அப்போது ஆறு வயது. அதற்கு மூன்று நாள் முன்னால் ஓமலூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் கரண்டி இறக்கினேன். முதலில் பாவாடைதான் மேலே தெரிந்தது. பச்சை, மாங்காய்க் கரை. தீபாவளிக்கு உனக்கு எடுத்தது போலவே இருந்தது. அன்று டீக்கடையில் யாரும் "பரிமாறியாயிற்றா" என்று கேட்கவில்லை. யாராவது ஒருவர் எதையாவது கேட்டிருந்தால் உன்னை அடித்திருக்க மாட்டேனோ என்னவோ. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இரவோடு இரவாகக் கொடியிலிருந்து உன் பாவாடையை எடுத்துப்போய்க் கொல்லையில் கொளுத்திவிட்டேன். அதற்காக எதிர்வீட்டுக்காரியோடு இருபது வருடமாக அம்மா பேசுவதில்லை. இதை நினைத்து எத்தனை முறை தனியாகச் சிரித்திருக்கிறேன் தெரியுமா? சிரித்து முடித்ததும் வேறு மாதிரி ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை நீ பணியில் இல்லை என்று உன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பைலட் தம்பி சொன்னான். நான் காலை முதல் பஸ்ஸில் மேலே வருகிறேன். பேச வேண்டுமென்று இல்லை. ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்திருப்போம்.

தட்டுவடை டப்பாவைக் கழுவி வை, அம்மா கேட்பாள். பாவாடை விஷயம் அவள் காதுக்குப் போக வேண்டாம்.

அப்பா