ஆறு சொல்லும் ஒரு கோப்பும்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்தது மகிழ்ச்சி. ஆனால் நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் ஏடிஎம் பின் நம்பரையும் வாட்ஸப்பில் உனக்கு நீயே அனுப்பி வைத்திருக்கிறாயே, அதுதான் மனதை உறுத்துகிறது. திறந்திருக்கும் போன் யார் கையிலாவது கிடைத்து, 'பின்' என்று தேடினாலே போதும், எல்லாம் வந்து நிற்கும்.

கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு பெட்டக மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொள். இலவசம். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பூட்டி உன் கணினியிலேயே வைக்கும். 2022-ல், பாஸ்வேர்டுகளை இணையத்தில் காத்துவைக்கும் லாஸ்ட்பாஸ் என்ற சேவையின் வாடிக்கையாளர் பெட்டகங்களைத் திருடர்கள் நகலெடுத்துக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டியிருந்தன, இணையதள முகவரிகள் பூட்டாமல் கிடந்தன. களவுபோன பெட்டகத்துக்குக் காவல், அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டுதான். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அதைப் பகடை உருட்டி எடு. இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு இதற்கென்றே 2016-ல் வெளியிட்ட நீண்ட பட்டியலில் 7776 சொற்கள் உண்டு. ஐந்து பகடைகளை உருட்டி இடமிருந்து வலமாக வாசி. 2, 4, 1, 6, 3 விழுந்தால் 24163-க்கு நேரே இருக்கும் சொல். இப்படி ஆறு சொல். பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டாதே. உன் விருப்பம் நுழைந்தால் ஊகிப்பது எளிதாகிவிடும். தாளில் எழுதி, பத்து நாள் தினமும் பார்க்காமல் அடித்துப் பழகு. பிறகு தாளைக் கிழித்துவிடாதே, உறையில் ஒட்டிப் பீரோவில் பத்திரங்களோடு வை. மறந்துபோனால் மீட்டுத்தர இங்கே யாரும் இல்லை.

கீ ஃபைலும் (பாஸ்வேர்டோடு இரண்டாவது சாவியாகக் கேட்கப்படும் கோப்பு) சேர்ப்பதானால் அதற்குப் புகைப்படத்தைப் பயன்படுத்தாதே. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஒரு பைட் மாறினாலும் பூட்டு திறக்காது.

லாக்கர் விவரம், பாலிசி எண், அந்தரங்கக் குறிப்புகள் எல்லாம் அதே கோப்பின் குறிப்புப் பெட்டியில் எழுதலாம். ஸ்கேன்களையும் இணைக்கலாம், இணைத்ததும் டவுன்லோட்ஸில் கிடக்கும் மூலத்தை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்.

கோப்பின் நகல் ஒன்று போனில் இருக்கட்டும், கீபாஸ்டிஎக்ஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலி அதைத் திறக்கும். இன்னொன்று வீட்டுக்கு வெளியே ஒரு பென்டிரைவில். போனிலும் கணினியிலும் ஒரே சமயத்தில் திருத்தினால் இரண்டு வடிவம் உண்டாகும்; எதையும் அழிக்காமல், கீபாஸ்எக்ஸ்சியில் இரண்டையும் ஒன்றாக்கும் மெர்ஜ் கொடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்டிரைவ் நகலைத் திறந்து பார்.

முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்று. மற்றவற்றின் ரீசெட் லிங்க் வந்து சேருவது அங்கேதான். மின்னஞ்சலின் பேக்கப் கோடுகளை (போன் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் ரகசியக் குறியீடுகளை) அச்செடுத்து அதே உறையில் போடு. போன் தொலைந்தால் அவைதான் வழி. அடுத்து பேங்க் பாஸ்வேர்டும் பின் நம்பரும். வாட்ஸப் செய்திகளை அழித்துவிட்டுப் புது பேக்கப் எடு.

மாற்றியதும் ஒரு வரி எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய தோழன்